பனிச்சாலையை மூடும் நாள்

மினியாபொலிஸ்
9 ஜனவரி 1978

வால்ஃபிரெட் மாமாவுக்கு,

கொரின் எழுதுகிறேன். அம்மா இறந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சமாதானம் பேச எழுதவில்லை. ஓர் உதவி வேண்டும், அவ்வளவுதான்.

நான் இங்கே கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காரியத்தை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது நல்லது என்பதுதான் என் ஆய்வு. கையிலிருக்கும் பொருளை இப்போதே விற்பதா, இன்னும் பொறுப்பதா? ஒரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பதா, விட்டுவிடுவதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஓடுவது ஒரே கணக்கு. என் பேராசிரியருக்கு இப்போது நிஜமான உதாரணம் ஒன்று வேண்டுமாம். காகிதத்தில் நாங்களாக உண்டாக்கியது வேண்டாமாம்.

எனக்குத் தெரிந்து, வருடம் தவறாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். ஹேசல் தீவுக்கும் பிரெண்டன் கரைக்கும் நடுவே ஏரி உறைந்ததும் அதன்மேல் சாலையைத் திறப்பது நீங்கள். வசந்தம் வருமுன் அதை மூடுவதும் நீங்கள். தினமும் துளை போட்டுப் பனியின் கனத்தை நோட்டில் எழுதி வைப்பீர்களே, அந்த நோட்டுகள் எனக்கு வேண்டும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

கொரின்


ஹேசல் தீவு
16 ஜனவரி

என் அருமை மருமகளே,

உன் கடிதம் வந்த அன்று தீவே திரண்டு வந்துவிட்டது. திரண்டது என்றால் பாரில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அறுபத்தெட்டுப் பேர் உள்ள ஊரில் ஒன்பது பேர் என்றால் சும்மாவா? டுவேன்தான் கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். டுவேனை உனக்கு நினைவிருக்கும். தபால் கொண்டுவருகிறவன், பார் நடத்துகிறவன், தீயணைப்புத் தலைவன், எல்லாம் அவனே.

"யோவ் வால்ஃபிரெட், யுனிவர்சிட்டியிலேருந்து உனக்கு லெட்டர்யா! என்ன, பிடிச்சுக்கிட்டுப் போகப் போறாங்களா?"

"போடா! எட்டாங்கிளாஸ்ல நின்னவன்கிட்ட கணக்கு கேட்டு எழுதியிருக்காங்க. உன்கிட்ட எவனாவது மணி கேட்டிருப்பானா?"

எல்லாருக்கும் நான் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தேன்.

சாலை இந்த வருடம் பிரமாதம். பண்டிகை முடிந்ததும் இங்கேயும் பிரெண்டன் கரையிலும் வீட்டுக்கு வீடு போய்ப் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வாங்கி வந்து, நானே பனியில் குழி வெட்டி நட்டேன். இரண்டே கால் மைல், நூற்றுப்பத்து மரம். பனிப்புயலில் கண் தெரியாத போதும் ஓட்டுகிறவன் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். ஒரு மரத்தில் ஹோகன்சன் அம்மாள் வெள்ளி நட்சத்திரத்தைக் கழற்ற மறந்துவிட்டாள். அது ஏரி நடுவில் ஜொலிக்கிறது. இருபது மைலுக்கு அப்பால் போகிற விமானக்காரன் அதைப் பார்த்துத்தான் திரும்புகிறான் என்று சொல்கிறார்கள். சொல்வது நான்தான், ஆனாலும் உண்மையாக இருக்கலாம்.

இந்த ஹோகன்சன் அம்மாளின் மாடிவீட்டை 1963-ல் முழுசாகச் சறுக்குக்கட்டைமேல் ஏற்றி, தீவின் தெற்குக் கோடியிலிருந்து பனிமேல் இழுத்துவந்து வடக்கே வைத்தவன் உன் மாமன். அவள் உள்ளே அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கரு ஒன்றுகூட உடையவில்லை!

நோட்டுகளை இரண்டு செருப்புப் பெட்டியில் வைத்துக் கட்டி டுவேனிடம் கொடுத்தாயிற்று. ஒரு மரத்துக்கு ஒரு துளை, தினமும் நூற்றுப்பத்து துளை, இருபத்துநாலு குளிர்காலம். பெருக்கிப் பார், உனக்குத்தான் பெருக்க வருமே. வருடா வருடம் ஏப்ரல் மாத ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து நின்று இந்த அளவுகளைப் படிப்பேன். முடித்ததும் கை தட்டுவார்கள். தெருப்பனி அள்ளுகிறவனுக்குக்கூட இங்கே யாரும் கை தட்டியது கிடையாது.

திருப்பி அனுப்ப அவசரமில்லை. நீயே கொண்டுவந்து கொடுத்தாலும் சரி. ஏலக்காய் ரொட்டி சுடும்போது இரண்டாகத்தான் சுடுகிறேன். ஒன்றுக்கு மாவு பிசைந்தால் கைக்கு அளவு பிடிபடமாட்டேன் என்கிறது.

உன் மாமன்,
வால்ஃபிரெட் நிகுவிஸ்ட்


மினியாபொலிஸ்
13 பிப்ரவரி

வால்ஃபிரெட் மாமாவுக்கு,

நோட்டுகள் பத்திரமாக வந்தன. மூன்று வாரமாக இவற்றோடுதான் இருக்கிறேன். பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒண்ணு கிடைக்கும்னு நான் கனவுல கூட நினைக்கல" என்றார். அவர் பாராட்டி நான் கேட்டதே இல்லை. நன்றி.

என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்வது நியாயம். தினமும் காலையில் உங்கள் முன்னால் இரண்டே வழி. சாலையை இன்னொரு நாள் திறந்து வைக்கலாம், அல்லது மூடலாம். மூடினால் அந்த வருடத்துக்கு மூடியதுதான். திறந்து வைத்தால் ஒரு நாள் ஆதாயம்: எண்ணெய் லாரி வரும், டாக்டர் வருவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். ஆனால் நாளைக்குப் பனி உடைந்து ஒரு வண்டி உள்ளே போய்விட்டால் அதுவரை சேர்த்த ஆதாயமெல்லாம் ஒரு நொடியில் ஒன்றுமில்லை. நாளை கிடைக்கப்போவதை ஒரு தட்டிலும் நாளை போகக்கூடியதை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இழப்பின் தட்டு தாழ்கிற முதல் நாள் எதுவோ, அன்று நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினாலும் பிழை, பின்னால் நிறுத்தினாலும் பிழை.

அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டேன். நடு ஏரியில் கனம் பதினெட்டு அங்குலத்துக்கு இறங்கும் நாள். உங்கள் நோட்டுகளில் அது கோடு போட்டது போலத் தெரிகிறது. இருபத்துநாலு வருடத்தில் இருபத்துமூன்று வருடம் நீங்கள் சரியாக அந்தக் கோட்டில்தான் மூடியிருக்கிறீர்கள். படிக்காமலே இதைச் செய்திருக்கிறீர்கள் என்று பேராசிரியர் வியந்தார்.

ஒரு வருடம்தான் விலகுகிறது. 1976. மார்ச் 10-ஆம் தேதி, நடு ஏரியில் இருபத்திரண்டு அங்குலம் இருக்கும்போதே மூடிவிட்டீர்கள். என் கணக்குப்படி இன்னும் எட்டு நாள் இருந்தது.

மார்ச் 12-ஆம் தேதி அம்மா பிரெண்டன் கரையில் தடுப்புக் கட்டைக்கு முன்னால்வரை பெட்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கெஞ்சி நாலு நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் கார் ஓட்டினேன். முக்கால் மணி நேரம் காரைவிட்டு இறங்காமல் தீவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, திருப்பு" என்றாள். மார்ச் 30-ல் போய்விட்டாள். படகு ஓட ஆரம்பித்தது ஏப்ரல் 17.

எட்டு நாள், மாமா. இதுவரை மனசில் மட்டும் இருந்தது. இப்போது கணக்கிலும் வந்துவிட்டது.

கொரின்


ஹேசல் தீவு
20 பிப்ரவரி

என் அருமை மருமகளே,

பதினெட்டு அங்குலம்! பார்த்தாயா, பேராசிரியரே வியந்தாராம்! உன் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் பாரில் உரக்கப் படித்தேன். டுவேன் விடவில்லை.

"ஏன்யா, உன் மருமக சொன்னா பனி கேட்டுக்குமா?"

"நீ சொல்றதத்தான் உன் பொண்டாட்டியே கேக்கறதில்ல. பனி கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

நிறுத்தும் கணக்கை நான் உடனே அனுபவத்தில் பார்த்துவிட்டேன். சீட்டாட்டத்தில் நாலு ஆட்டம் ஜெயித்ததும் எழுந்துவிட்டேன். ஐந்தாவது ஆட்டத்தில் என் இடத்தில் உட்கார்ந்தவன் தொப்பியைத் தோற்றான். மீன் ஊறுகாய் ஜாடியில் எத்தனையாவது துண்டோடு நிறுத்துவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. அதற்கு ஒரு கணக்கு இருந்தால் எழுது.

உன் அம்மா எல்னாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். காபி ஆறிவிட்டது. திரும்பச் சூடு பண்ணினேன், அதுவும் ஆறிவிட்டது.

இந்த வருடம் உன் கணக்குப்படியே மூடுகிறேன். பதினெட்டு என்றால் பதினெட்டு. நீ வந்து பார்க்கலாமே? உன் விடுமுறை மார்ச்சில்தானே? மேல்மாடி அறையில் ஜன்னலைச் சரிபண்ணிவிட்டேன். காற்று வராது. வந்தாலும் இரண்டு கம்பளி இருக்கிறது. பத்து வயதில் நீ இங்கே வந்தபோது பிடித்த மீன் ஆறு ராத்தல். ஊரில் நான் பதினாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டிக்கொடுத்துவிடாதே.

நீ வரும்வரை சாலை திறந்திருக்கும். இது வால்ஃபிரெட் நிகுவிஸ்டின் வாக்கு.

உன் மாமன்


மினியாபொலிஸ்
28 பிப்ரவரி

வால்ஃபிரெட் மாமாவுக்கு,

வருகிறேன். மார்ச் 18, சனிக்கிழமை. மூன்று நாள் இருப்பேன். போன வாரம் நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தால் இந்த வருடம் 22-ஆம் தேதிவரை சாலை தாங்கும் என்று வருகிறது. அதனால் நீங்கள் எனக்காக எதையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. கணக்கே திறந்து வைத்திருக்கும்.

இன்னொரு செய்தி. வடக்கே வெர்னர் மாவட்டத்தில் மூன்று பனிச்சாலைகள் இருக்கின்றன. என் பேராசிரியருக்கு அங்கே ஆள் தெரியும். அடுத்த குளிர்காலத்திலிருந்து அவர்கள் இந்தப் பதினெட்டு அங்குலத்தைத்தான் விதியாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஒன்றில் தினமும் பள்ளிக்கூட பஸ் போகிறது. நான் எழுதிய ஒன்று நிஜமாகவே யாருக்கோ உபயோகப்படப்போகிறது என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். நோட்டுகளில் 1956-க்குப் பிறகு ஒற்றைப்படை எண்ணே இல்லை. இருபத்துநாலு, இருபத்திரண்டு, இருபது, இப்படித்தான் போகிறது. உங்கள் அளவுகோலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடுதானா? ஒரு வரி எழுதினால் அடிக்குறிப்பில் போட்டுவிடுவேன்.

ரொட்டி சுடும்போது ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். அம்மா போட்டதில் எப்போதும் குறைவு என்று நான் சண்டை போடுவேன்.

கொரின்


ஹேசல் தீவு
13 மார்ச், திங்கள்

கொரின்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்தேன். முதல் முறை நாலாவது வரியிலேயே கதைக்குள் ஒரு கரடி வந்துவிட்டது. இரண்டாம் முறை கரடியை விரட்டிவிட்டேன், ஆனால் நான் தனி ஆளாக ஒரு லாரியைப் பனிக்குள்ளிருந்து தூக்கியதாக வந்து நின்றது. இப்போது எதையும் தூக்காமல் எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்.

சாலையை இன்று காலை மூடிவிட்டேன்.

உன் அளவுகோல் கேள்விக்குப் பதில்: அதில் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு இருக்கிறது.

முதல் இரண்டு வருடமும் நூற்றுப்பத்து துளையும் போட்டேன். ஒழுங்காக அளந்தேன். தற்செயலாக இரண்டு தடவையும் பதினெட்டில் மூடினேன், அந்த எண்தான் கையில் ஒட்டிக்கொண்டது. 1956 பிப்ரவரியில் தோள் இறங்கிவிட்டது. அன்றைக்கு ஆறு துளை போட்டேன், மீதியைப் பாரில் உட்கார்ந்து எழுதினேன். இரட்டைப்படையில் எழுதினால் அளந்தவன் கை மாதிரி இருக்கும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதே. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் கூட்டத்தில் படித்தபோது முன்னைவிட அதிகமாகக் கை தட்டினார்கள். எண்கள் அவ்வளவு அழகாக இருந்தன. அதற்குப் பிறகு கரையோரம் இரண்டு துளை போடுவதோடு சரி.

அப்படியென்றால் எதைப் பார்த்து மூடினேன்? தினமும் காலையில் அந்தக் கரைவரை நடப்பேன், திரும்பி நடப்பேன். அது பொய் இல்லை. கையில் கடப்பாரை வைத்துக்கொண்டு இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு குத்து. ஜனவரியில் பனி இரும்பு மாதிரி சத்தம் கொடுக்கும். மார்ச்சில் ஒரு நாள் அந்தச் சத்தம் மாறும். மரத்தைச் சுற்றிப் பனி கறுத்து, மரம் குழியில் ஆட ஆரம்பிக்கும். எனக்குப் பயம் வரும். அன்றைக்கு மூடிவிடுவேன். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று "எனக்குப் பயமாக இருந்தது" என்று படிக்க முடியுமா? அதனால் மூடின பிறகு உட்கார்ந்து, பத்து நாள் முன்னாலிருந்து இருபத்துநாலு, இருபத்திரண்டு, இருபது என்று இறக்கிக்கொண்டு வந்து பதினெட்டில் நிறுத்துவேன்.

நீ கண்டுபிடித்தது பனியின் கோடு இல்லை, கொரின். என் பென்சில் நின்ற இடம்.

மார்ச் மாதத்துப் பனிக்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை. இன்று நடு ஏரியில் நிஜமாகவே ஒரு துளை போட்டேன். இருபத்தொன்றே கால் அங்குலம். உன் கணக்கு இன்னும் ஒன்பது நாள் திறந்து வை என்று சொல்லும். பக்கத்திலேயே கடப்பாரையால் ஒரு போடு போட்டேன். கட்டு அவிழ்ந்த பென்சில்கள் மாதிரி நெட்டு நெட்டாகப் பிரிந்து விழுந்தது. அடிவரைக்கும் அப்படித்தான். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவே இல்லை. அதன்மேல் பஸ் போகும் என்றால்... வெர்னர் மாவட்டம் என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "திடீர்னு மழை வந்துடுச்சு, மூடிட்டேன்" என்று எழுதியிருந்தால் போதும். நீயும் வருவாய், உன் பேராசிரியரும் வியந்துகொண்டேயிருப்பார். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி 1976.

மார்ச் 9-ஆம் தேதி நோட்டில் இருபத்துநாலு என்று போட்டிருந்தேன். 10-ஆம் தேதி காலையில் அறுபதாவது மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். கடப்பாரை குறுக்கே மாட்டிக்கொண்டது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏறிய பிறகு எழுந்து நிற்கத் தைரியம் வரவில்லை. கரைவரை தவழ்ந்து வந்தேன். இந்தக் கதையை நான் எவனிடமும் சொன்னதில்லை. எல்லாக் கதையையும் சொல்கிறவன் இதைச் சொல்லவில்லை. முந்தின நாள் இருபத்துநாலு என்று எழுதிய இடத்தில் விழுந்தேன் என்றால், நோட்டு என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு என்று எழுதி மூடிவிட்டேன். அதற்கு மேல் ஒரே நாளில் இறக்க முடியவில்லை.

எட்டு நாள் இருந்தது என்று எழுதினாயே. ஒரு நாள்கூட இருக்கவில்லை. நீயும் அவளும் காரோடு அறுபதாவது மரம்வரை வந்திருப்பீர்கள்.

ஆனால் இது என்னைக் காப்பாற்றாது. எல்னா வருவது எனக்குத் தெரியும். 9-ஆம் தேதியே டுவேனின் பாருக்குக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை வரேன், ரொட்டி சுட்டு வை. இந்தத் தடவை கதை சொல்லாத, நான் பேசறேன், நீ கேளு" என்றாள். மூடியதும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாள், அவளிடம் எனக்குப் பொய் வராது. மூன்று முறை தொலைபேசிவரை போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை இந்தக் கரையில் நின்றுகொண்டு அந்தக் கரையில் ஒரு கார் நிற்பதைப் பார்த்தேன். அது திரும்பும்வரை நின்றேன். வீட்டில் இரண்டு ரொட்டி இருந்தது.

இந்தத் தடவை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கூப்பிட வேண்டாம் என்றாய். நேற்றுக் கூப்பிட்டேன். உன்னோடு தங்கியிருக்கும் பெண் எடுத்தாள். அவளிடம் ஐந்து நிமிடம் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் அம்மா காலத்தில் சாலை மூடினால் படகு வரும்வரை ஒன்றுமில்லை. இப்போது டுவேன் விசிறிவண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். தட்டைப் படகின் பின்னால் விமானத்தின் விசிறியை மாட்டியது. பனி உடைந்தால் மிதக்கும். தபாலை அதில்தான் கொண்டுபோகிறான், ஆட்களையும் ஏற்றுவான். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிரெண்டன் கரையில் இருப்பான்.

உன் ஆய்வை நான் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். பேராசிரியரிடம் என்ன வேண்டுமானாலும் என்னைப் பற்றிச் சொல். வெர்னர் மாவட்டத்துக்கு மட்டும் இன்றே எழுதிவிடு.

வால்ஃபிரெட்


மினியாபொலிஸ்
20 மார்ச்

மாமா,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வெர்னர் மாவட்டத்துக்கு அன்றே தந்தி கொடுத்துவிட்டேன். பேராசிரியர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். சத்தம் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்ல டேட்டா அவ்வளவு சுத்தமா இருக்காது. நாந்தான் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார். ஒரு வருடம் கூடுதலாகும்.

சனிக்கிழமை நான் வந்தேன்.

தடுப்புக் கட்டைக்கு முன்னால், அதே இடத்தில் காரை நிறுத்தினேன். டுவேன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

"நீதானே கொரின்? உங்க அம்மா மாதிரியே இருக்க. ஏறும்மா, பத்து நிமிஷம். சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சுக்க."

"மாமா எங்க?"

"அதோ பாரு. மரம் புடுங்கறான். நீ வர்றவரைக்கும் சும்மா நிக்கச் சொன்னேன். கேட்டாத்தானே. காலையிலேருந்து ஷேவ் பண்ணிட்டு நிக்கறான் கிழவன்."

தீவின் கரையோரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மரத்தை இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அடுத்த மரத்துக்குப் போகும். நான் கையைத் தூக்கினேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

டுவேன் இருபது நிமிடம் காத்திருந்தார். நான் ஏறவில்லை.

ஏன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நீங்கள் முன்கூட்டியே மூடிவிட்டீர்கள் என்று இரண்டு வருடமாகக் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இல்லாத வீட்டைக் காலிசெய்தேன், பரீட்சை எழுதினேன், எல்லாமே. நீங்கள் சரியான நாளில்தான் மூடினீர்கள் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? நீங்கள் மூடியதை மன்னிக்க ஒன்றுமில்லை. கூப்பிடாததை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அவள் காரில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது அப்போதே தெரிந்திருக்கலாம்.

ஏறியிருந்தால் நான் கத்தியிருப்பேன். நீங்கள் ஒரு கதை சொல்லியிருப்பீர்கள். நான் சிரித்திருப்பேன். எனக்கு அன்று சிரிக்க விருப்பமில்லை.

எப்போது வருவேன் என்று தெரியாது. வருவேனா என்பதும் தெரியாது. காத்திருக்காதீர்கள்.

கொரின்


ஹேசல் தீவு
30 ஏப்ரல், ஞாயிறு

கொரின்,

உனக்குச் சொல்ல வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் 8-ல் ஊர்க்கூட்டம் நடந்தது. என் முறை வந்ததும் எழுந்து, உனக்கு எழுதியதை அவர்களிடமும் சொன்னேன். நோட்டையும் தவழ்ந்ததையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஹோகன்சன் அம்மாள், "அப்ப என் வீட்ட இழுத்தப்பவும் அளக்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் அன்று உள்ளே முட்டை பொரிக்கவும் இல்லை. கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடமும் சாலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கூடவே டுவேன் வருவான். அவன் அளப்பான், நான் குத்துவேன், இரண்டையும் எழுதுவோம். பாரில் இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தால் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் பேச்சைக் குறைத்துவிட்டேன். மாலை நேரம் நீளமாக இருக்கிறது.

படகு 19-ஆம் தேதி ஓட ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு மூன்று. காத்திருக்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். காத்திருக்கவில்லை. படகு வரும் நேரத்துக்குத் துறைக்குப் போகிறேன், ஆட்கள் இறங்குவதைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். இதுவரை முப்பத்தைந்து படகு. எண்ணிக்கை சரியானது, டுவேனும் எண்ணினான்.

நேற்று அவன் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"யோவ், இப்படி எத்தன படகுக்குத்தான் நிப்ப?"

"தெரியலடா."

"உன் மருமககிட்ட அதுக்கு ஒரு கணக்கு இருக்குமே, கேட்டுப் பாரேன்."

இருக்கும். எத்தனை படகு நீ இல்லாமல் வந்தால் அடுத்ததற்குப் போகாமல் வீட்டில் இருப்பது நல்லது என்று உன்னால் ஒரு தாளில் போட்டுவிட முடியும். இந்த முறை என்னிடம் உள்ள எண்களும் உண்மையானவைதான். ஆனாலும் அந்தக் கணக்கை மட்டும் எனக்கு அனுப்பிவிடாதே.

மூன்றாவது படகு நாலரைக்கு. மணி நாலு ஆகிவிட்டது. தூறுகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

வால்ஃபிரெட்